'காணவில்லை' – எந்தக் காணவில்லை?

மும்பையின் தாராவியிலோ ஆன்டாப்ஹில்லிலோ ஒரு வீட்டு ஆள் இரவு திரும்பவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "சொல்லிட்டுப் போனாரா, சொல்லாமப் போனாரா?" என்றுதான். அதில் நியாயம் இருக்கிறது. தமிழில் 'ஆளைக் காணோம்' வேறு, 'ஓடிப்போயிட்டான்' வேறு, 'தேசாந்திரம் போயிட்டார்' வேறு. ஈழத் தமிழர்கள் வினைச்சொல்லையே மாற்றினார்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ல் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் 'காணாமல் போனவர்கள்' என்று சொல்ல மறுத்தார்கள். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்றார்கள். இலங்கை அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரோ 'காணாமல் போனோர் அலுவலகம்'. யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி முழுவதும் அந்த வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

நம் ஊர் அலுவலகங்களிலும் இதே கதைதான். போலீஸ் ஸ்டேஷனில் 'மிஸ்ஸிங்' என்பதற்கு ஒரு பொருள், ராணுவத்தில் வேறு, வங்கியிலும் எல்.ஐ.சி.யிலும் வேறு, கோர்ட்டில் வேறு. குடும்பம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு அலைகிறது. முதல் நாள் முதல் காகிதத்தில் விழும் சொல்தான் ஏழு ஆண்டு கழித்தும் பேசும். அதனால் அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்கலாம்.

ஸ்டேஷனில் எழுதுவது

"24 மணி நேரம் ஆகட்டும், பிறகு வாங்க" என்று யார் சொன்னாலும் அது சட்டம் கிடையாது. அப்படி ஒரு காத்திருப்பு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. உடனே போகலாம், நள்ளிரவிலும் போகலாம். அவசர உதவி எண் 112-க்கு அடித்துவிட்டுப் போனால் அழைப்பு நேரம் பதிவாகிவிடும், பின்னால் "நீங்க எப்ப வந்தீங்க?" என்ற பேச்சு எழாது.

பெரியவர் ஒருவர் காணாமல் போனது தன்னளவில் குற்றம் ஆகாது. ஆகவே 18 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் மும்பையில் பொதுவாக மிஸ்ஸிங் ரெஜிஸ்டரில்தான் பதிவார்கள், எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். கடத்தல், அடைத்துவைத்தல், மிரட்டல் போன்ற சந்தேகம் இருந்தால் அதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். யார்மீது, எதனால், கடைசியாக எப்போது தகராறு என்பதெல்லாம் அதில் வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறோம். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் அந்த வட்டாரத்து டி.சி.பி.க்கு (துணைப் போலீஸ் கமிஷனர்) அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

18 வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு. 2013 மே மாதம் பச்பன் பசாவோ ஆந்தோலன் வழக்கில் வந்த உத்தரவின்படி, குழந்தை காணாமல் போனாலே கடத்தல் என்று எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். "பையன் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான், வந்துடுவான்" என்று பெற்றோரே எழுதிக் கொடுத்து வழக்கின் வேகத்தைக் குறைப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதவே கூடாது. நான்கு மாதத்தில் துப்பு கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதா என்று கேட்க வேண்டியது குடும்பத்தின் வேலை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள். ரயிலில் ஏறிய பிள்ளையை வேறு மாநிலத்தில் யாராவது இறக்கிவைத்திருந்தால் அந்த வழியாகத்தான் செய்தி வரும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வருமுன் மிஸ்ஸிங் நம்பர், தேதி, விசாரிக்கும் அதிகாரியின் பெயர், முத்திரையோடு ஒரு நகல் என நான்கும் கையில் இருக்க வேண்டும். மொபைலும் ஆதார் அட்டையும் தொலைந்ததற்குக் கொடுக்கும் ரசீதை மிஸ்ஸிங் ரசீது என்று நினைத்து வருடக்கணக்கில் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. மராத்தி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெயர், மும்பைத் தமிழர்களின் தனிச் சிக்கல்

இதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுக்கிறோம். நம் ஆட்களைத் தேடும்போது அதிகம் தடுக்குவது இங்கேதான்.

மகாராஷ்டிரத்தில் பெயர் என்றால் மூன்று கட்டம்: தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர். நமக்கு முன்னெழுத்தும் பெயரும்தான். அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்ப ஓர் அலுவலகத்தில் சாதிப் பட்டத்தைப் போட்டார்கள், இன்னொன்றில் தாத்தா பெயரை, மற்றொன்றில் ஊர்ப் பெயரை. ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஊர் வாக்காளர் அட்டையில் வேறொன்று. எழுத்தும் தகராறு செய்யும். நாம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் போடும் இரண்டெழுத்தை மராத்தி எழுத்தர் 'ஜ' என்று வாசிப்பார்; அழகம்மாள் 'அஜகம்மால்' ஆகிவிடுவார். பெண்கள் என்றால் கணவர் பெயர் முன்னால் வந்து, அவர் பெயரே அடியில் போய்விடும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஆள் இருந்தும், தேடும்போது பெயர் பொருந்தாததால் இல்லை என்று பதில் வந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே தாளில் அவருக்கு உள்ள எல்லாப் பெயர் வடிவங்களையும், வீட்டில் கூப்பிடும் பெயரையும், தேவநாகரியில் எப்படியெல்லாம் தப்பாக எழுதப்படலாம் என்பதையும் எழுதுங்கள். அதே தாளில் அவர் பேசும் மொழி, அது எந்த வட்டார வழக்கு, இந்தி தெரியுமா தெரியாதா என்பதும் வேண்டும். நினைவு தப்பியவரும் பயந்துபோன குழந்தையும் தாய்மொழியில்தான் முனகுவார்கள். "மதராசி" என்று மட்டும் பதிவாகும் ஆளைக் கன்னடக்காரர், தெலுங்குக்காரர் என்று பிரித்தறிய அங்கே ஆள் இருக்காது. டோங்ரி, மான்குர்து குழந்தைகள் இல்லங்களில் தேடப் போனால் பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நிற்காதீர்கள். தமிழ் பேசும் பிள்ளை யாராவது வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அங்க அடையாளத்தில் நமக்கே உரியவை சில, வெளியாருக்குப் புரிகிற மாதிரி எழுதப்பட வேண்டும். தென் மாவட்டத்து மூத்த பெண்களின் பாம்படம் தொங்கி நீண்ட காது, முன்கையில் பச்சை குத்திய கோலம், தாலியின் வடிவம், ஆண்களின் அரைஞாண் கயிறு கறுப்பா சிவப்பா, தடுப்பூசித் தழும்பு, எலும்பு முறிவுக்கு வைத்த கம்பியும் தகடும். பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் முன் போலீஸ் தயாரிக்கும் பதிவு எழுதுபவர் உடலில் பார்ப்பதை மட்டும் எழுதுவார். நீங்கள் கொடுத்த தாளிலும் அதே சொற்கள் இருந்தால்தான் இரண்டும் சந்திக்கும்.

புகைப்படம் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக, முகம் நேராகத் தெரிவதாக, அழகுபடுத்தும் ஃபில்டர் இல்லாததாக இருக்கட்டும். முழு உருவம் தெரியும் படம் ஒன்று தனியாக. கல்யாணக் கூட்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது உதவாது. பட்டுப்புடவையும் மேக்கப்பும் போட்ட முகத்தை நான்கு நாள் பட்டினி கிடந்த முகத்தோடு யாராலும் பொருத்திப் பார்க்க முடியாது. அஞ்சலட்டை அளவில் 20 பிரதிகள் போட்டுவைத்தால் முதல் வாரத்துக்குப் போதும்.

முதல் மூன்று நாள், எங்கே?

ஸ்டேஷன் தேடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு ஸ்டேஷனின் கையில் ஒரே நேரத்தில் எத்தனையோ வேலை. குடும்பம் இரண்டாகப் பிரிவது நல்லது. ஒருவர் வீட்டிலும் போனிலும் இருக்கட்டும். மற்றவர் வெளியே போகட்டும்.

முதலில் ஆஸ்பத்திரி. மயங்கிய நிலையில் தூக்கி வரப்பட்டவர் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 60' என்றுதான் பதிவாவார். சயான், கே.இ.எம்., நாயர், ஜே.ஜே., ராஜாவாடி, கூப்பர் என்று ஒவ்வொன்றிலும் விசாரணைக் கவுன்டரில் பெயர் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். கேஷுவால்ட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் போலீஸ் சௌக்கியில் பெயர் தெரியாதவர் பதிவு இருக்கிறதா என்று தேதி சொல்லிக் கேட்க வேண்டும். அதன் பிறகு, மனம் கேட்காவிட்டாலும், சவக்கிடங்கு. அங்கே பேச்சு 'ஏ.டி.ஆர்.' எண்ணில்தான் நடக்கும். விபத்து மரணம், சந்தேக மரணம் எல்லாவற்றுக்கும் போலீஸ் போடும் பதிவு அது. இந்த வேலைக்குத் தாயையோ மனைவியையோ அனுப்பாதீர்கள். அடையாளம் தெரிந்த, நிதானமான ஓர் ஆண் அல்லது பெண் உறவினரும் கூட ஓர் ஆளும் போகட்டும்.

ரயில் பாதையில் நடந்தது நகரப் போலீஸ் கணக்கில் வராது, அது ஜி.ஆர்.பி. எனும் ரயில்வே போலீசின் கணக்கு. இந்த ஒரு விஷயம் தெரியாமல், சயான் ஸ்டேஷனுக்கும் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கும் நடுவே தண்டவாளத்தைக் கடந்தவரை தாராவிப் போலீசிலேயே பல வாரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் வழக்கமாகப் போகும் பாதை எந்தெந்த ஜி.ஆர்.பி. எல்லையில் வருகிறது என்று கேட்டு ஒவ்வொன்றிலும் படம் கொடுங்கள். ஊருக்குப் போகும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டியில் ஏறியவர் என்றால் ரயில்வே உதவி எண் 139-ல் சொல்லிவிட்டு, புனே, தௌண்ட், சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று வழியில் நிற்கும் பெரிய சந்திப்புகளின் ரயில்வே போலீசுக்கும் அனுப்ப வேண்டும். தண்ணீர் பிடிக்க இறங்கி வண்டியை விட்டவர்கள், தூக்கக் கலக்கத்தில் தவறான இடத்தில் இறங்கியவர்கள் இந்தச் சந்திப்புகளில்தான் கிடைக்கிறார்கள்.

கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து அவற்றின் மேலேயே புதியது பதிவாகும். எங்கே எத்தனை நாள் என்பது அந்தந்தக் கருவியைப் பொறுத்தது. ஆகவே "இந்தத் தேதி, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை உள்ள பதிவை அழிக்காமல் வைக்கவும்" என்று ஸ்டேஷனுக்கும், சொசைட்டிக்கும், கடைக்காரருக்கும் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். பார்ப்பது பிறகு நடக்கட்டும், காப்பாற்றுவது முதலில்.

மறதி நோய் உள்ள முதியவர் புது இடத்தைத் தேடிப் போவது குறைவு, பழைய இடத்தைத் தேடித்தான் நடப்பார். மும்பையில் இதற்கு ஒரு வேதனையான வடிவம் இருக்கிறது. எஸ்.ஆர்.ஏ. எனும் குடிசை மறுவாழ்வுத் திட்டக் கட்டடத்தின் ஏழாம் மாடிக்கு மாற்றப்பட்ட பெரியவர், 30 ஆண்டு வாழ்ந்த சால் (வரிசை அறைக் குடியிருப்பு) இருந்த இடத்தைத் தேடிப் போவார். அந்தச் சால் இருக்காது. அவர் வேலை செய்த தோல் கிடங்கு, மில் வாசல், காய்கறி வாங்கிய மாட்டுங்கா மார்க்கெட், முன்பு குடியிருந்த கோலிவாடா என்று பழைய விலாசங்களை வரிசையாக எழுதி, அங்கெல்லாம் விடியற்காலையிலும் மாலையிலும் போய்ப் பார்க்க வேண்டும். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் சட்டையின் உள்மடிப்பில் இரண்டு போன் நம்பரும் 'தமிழ்' என்ற சொல்லும் எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள். பையில் வைத்தால் பை தொலைந்துவிடும்.

மனநலம் குன்றிச் சாலையில் திரிபவர்களை எடுத்துச் சிகிச்சை கொடுத்து ஊர்சேர்க்கும் வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மும்பைக்கு அருகே கர்ஜத்தில் டாக்டர் பரத் வட்வானியின் ஷ்ரத்தா நிலையம் அப்படிப்பட்டது. அதற்காக அவருக்கு 2018-ல் மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் 1993 முதல் பான்யன் என்ற அமைப்பு இருக்கிறது. ஆள் போய் ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகும் இத்தகைய இடங்களுக்குப் படம் அனுப்புவதை நிறுத்தக் கூடாது. சிகிச்சை பிடித்து, தன் ஊர்ப் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பதற்கே சிலருக்குப் பல மாதங்கள் ஆகும்.

போலீஸ் காவலில் இருக்கிறாரோ என்ற சந்தேகம் எழுந்தால், கைது செய்தவுடன் உறவினருக்குச் சொல்ல வேண்டியது போலீசின் கடமை; கட்டுப்பாட்டு அறையில் கைதானவர்கள் பெயர் இருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அதில் கேட்கப்படும் கேள்வி "ஆள் எங்கே?" என்பதைத் தாண்டி "யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?" என்று இருக்க வேண்டும், யார்மீதும் சந்தேகம் சொல்லாமல் போட்டால் நிற்பது கடினம்.

சுவரொட்டியில் தேதி போடுங்கள், மிஸ்ஸிங் நம்பரைப் போடுங்கள். ஓர் அடையாளத்தை மட்டும் போடாதீர்கள். பச்சை குத்தியிருப்பதையோ தழும்பையோ மறைத்துவையுங்கள். "உங்க ஆளு எங்க ஆஸ்பத்திரியில இருக்கார், உடனே இருபதாயிரம் அனுப்புங்க" என்று அழைப்பு வரும். அப்போது அந்த அடையாளத்தைக் கேட்டால் போதும். அவருடைய சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். பயன்படாத எண் சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும்; ஆதாரோடு இணைந்த எண் அதுவே. பெயர் சொல்லத் தெரியாதவரை ஏதாவது இல்லத்தில் ஆதாருக்குப் பதியும்போது 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று திரும்பி, அதன் வழியே வீட்டைக் கண்டுபிடித்த நிகழ்வுகள் இருக்கின்றன. அந்த நேரத்தில் எண் உயிரோடு இருக்க வேண்டும்.

சீப்பு, பல்துலக்கி, சவரக்கத்தி ஆகியவற்றைக் கழுவாமல் காகித உறையில் போட்டுவையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். டி.என்.ஏ. பொருத்துவதற்குப் பெற்றோர், பிள்ளைகளின் ரத்தம் சிறந்தது. உடன்பிறப்பின் மாதிரி அடுத்தபடி. கணவன் மனைவியின் மாதிரியால் நேரடியாகப் பயன் இல்லை.

வேண்டுமென்றே போனவர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயது வந்தவர் தானே விரும்பிப் போயிருந்தால், போலீஸ் அவரைக் கண்டுபிடித்து வாக்குமூலம் வாங்கி மிஸ்ஸிங்கை மூடிவிடும். அவர் சம்மதிக்காவிட்டால் இருக்கும் விலாசத்தைக் குடும்பத்துக்குத் தர வேண்டியதில்லை. அடிதடிக்குப் பயந்து வெளியேறிய பெண்ணை "மிஸ்ஸிங்" என்று புகார் கொடுத்துத் தேட வைப்பது நடக்கிறது. இந்தப் பாதுகாப்பு அவருக்காகத்தான். அவர் நலமாக இருக்கிறார் என்ற ஒரு வரி கிடைத்தால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ராணுவத்தில் இந்தச் சொல்

படையில் 'மிஸ்ஸிங்' என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள். சண்டையில் காணாமல் போனவர், கொல்லப்பட்டதாக நம்பப்படுபவர், எதிரியிடம் சிறைப்பட்டதாக நம்பப்படுபவர். இவற்றுக்கு வெளியே, அனுமதி இல்லாமல் வராதவர்.

சிறைப்பட்டவருக்கு 1949 ஜெனீவா ஒப்பந்தம் ஒரு காகிதத்தைக் கொடுக்கிறது. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் தன் குடும்பத்துக்கும் செஞ்சிலுவையின் தேடல் முகமைக்கும் அட்டை எழுத அவரை அனுமதிக்க வேண்டும். அந்த அட்டை வந்தால் அவர் போர்க்கைதி. வராவிட்டால் வெறும் 'காணாமல் போனவர்'. 1965, 1971 போர்களில் காணாமல் போன 54 பேரின் குடும்பங்கள் அந்த அட்டை இல்லாத இடைவெளியில்தான் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. 2007-ல் உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்ப் பார்த்தும் யாரையும் அடையாளம் காண முடியவில்லை.

உடல் கிடைக்காமலே முடிவு எடுக்கப்படுவதும் உண்டு. 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. இரண்டு மாதத்துக்குள், செப்டம்பரில், அத்தனை பேரும் இறந்ததாகக் கொள்ளப்பட்டார்கள். சிதைவுகளைக் கடலடியில் 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தூரத்தில் கண்டது 2024 ஜனவரியில். காகிதம் முன்னால் போனது, கடல் ஏழரை ஆண்டு கழித்துப் பதில் சொன்னது. 1968 பிப்ரவரி 7-ல் ரோதாங் பக்கம் விழுந்த ஏ.என்.-12 விமானத்தில் 102 பேர். 56 ஆண்டு கழித்து 2024-ல் பனியிலிருந்து மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன.

நம் குடும்பங்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதன் மறுபக்கம். விடுப்பில் வீட்டுக்கு வந்த ஜவான் திரும்பிப் போகும் வழியில் ரயிலில் காணாமல் போகிறார். குடும்பம் "யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்" என்று நினைக்கிறது. யூனிட் "விடுப்பு முடிந்தும் வரவில்லை" என்று எழுதுகிறது. ராணுவச் சட்டம் 1950-இன் 106-வது பிரிவின்படி 30 நாள் அனுமதியின்றி வராவிட்டால் விசாரணை மன்றம் கூடும். காரணம் தெரியாவிட்டால் படையை விட்டு ஓடியவராகவே அறிவிக்கப்படலாம். பிடித்துத் தரச் சொல்லி ஊர்ப் போலீசுக்குக் கடிதமும் போகும். காணாமல் போனவர் ஓடியவர் ஆகிவிட்டால் குடும்ப ஓய்வூதியமே கேள்விக்குறி. ஆகவே போய்ச் சேர்ந்ததாகப் போன் வராத இரண்டாம் நாளே ஜி.ஆர்.பி.யில் மிஸ்ஸிங் பதிந்து, அதன் நகலோடு யூனிட் கமாண்டிங் ஆபீசருக்கும் அவருடைய ரெக்கார்டு ஆபீசுக்கும் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில். தபாலில் ராணுவ எண், பதவி, கிளம்பிய தேதி, வண்டி, டிக்கெட் நகல் எல்லாம் இருக்கட்டும். 30 நாள் முடிவதற்குள் அந்தக் காகிதம் கோப்பில் சேர்ந்திருப்பதுதான் முக்கியம். ஏற்கெனவே ஓடியவர் என்று எழுதிவிட்டார்கள் என்றால் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மும்பையிலேயே அதன் கிளை இருக்கிறது.

பணமும் ஏழு ஆண்டும்

"ஏழு வருஷம் ஆனா செத்ததா அர்த்தம்" என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டம் சொல்வது அதைவிடக் குறைவு. பழைய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111-வது பிரிவு. ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டு எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. என்று இறந்தார் என்று அது சொல்லவில்லை. தானாக எந்தச் சான்றிதழும் வீட்டுக்கு வராது.

இந்த வேறுபாட்டில் அதிகம் நஷ்டப்படுவது எல்.ஐ.சி. பாலிசி வைத்திருப்பவர்கள். அனுராதா வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஏழு ஆண்டு அனுமானம் கோர்ட்டில் கேள்வி எழும்போதுதான் பிறக்கிறது, காணாமல் போன நாளிலேயே இறந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியென்றால் இடைப்பட்ட காலத்தில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், அதாவது பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். ஆளே இல்லை, யாருக்குக் கட்டுவது என்று நிறுத்தினால் முழுத் தொகை போய், கட்டிய பங்குக்கு உள்ளது மட்டும் கிடைக்கும். வீட்டில் எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பிரீமியம் தாங்காது என்றால் கிளையில் எழுத்தில் விவரம் சொல்லி, உங்கள் பாலிசிக்கு என்ன வழி என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

மத்திய அரசு ஊழியர் என்றால், அவர் ரயில்வேயிலோ டாக்யார்டிலோ இருந்தால், ஏழு ஆண்டு காக்க வேண்டாம். போலீசில் பதிவான நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துக் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். போலீஸ் அறிக்கையும் இண்டெம்னிட்டி பாண்டும் வேண்டும். திரும்பி வந்தால் சரிசெய்துகொள்வோம் என்ற உறுதி அது. இறப்புப் பணிக்கொடையின் மீதிப் பங்கு மட்டும் மரணம் உறுதியான பிறகு, அல்லது ஏழு ஆண்டு கழித்து. போலீசில் போகத் தயங்கி ஒரு வருடம் தள்ளினால் ஒரு வருட ஓய்வூதியமும் தள்ளிப்போகும்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2008 மே மாதம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சிறு தொகையாக இருந்தால், கோர்ட் உத்தரவு கேட்காமல், எஃப்.ஐ.ஆர்., 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் அறிக்கை, இண்டெம்னிட்டி கடிதம் இவற்றை வைத்துக் கொடுக்கலாம். வரம்பை அந்தந்த வங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது அன்று அதன் சாரம். கிளையில் "எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். காணாமல் போனவர் கணக்குக்கான உங்கள் வங்கியின் கொள்கை என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

'கண்டுபிடிக்க முடியவில்லை' அறிக்கை தானாக வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனுக்கு நிலவரம் கேட்டு ஒரு கடிதம், முத்திரையோடு நகல். ஏழு ஆண்டில் 14 கடிதம். கோர்ட்டில் தேடலின் தொடர்ச்சியைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி எதுவும் இல்லை. இதோடு மும்பையில் ஒரு மராத்தி நாளிதழிலும், சொந்த மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம். ஊரில் யாராவது பார்த்தார்களா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டே தீருவார். பிறகு நகர சிவில் கோர்ட்டில், இறந்ததாக அறிவிக்கக் கோரி வழக்கு. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் இறப்புச் சான்றிதழ்.

பேரிடரில் மட்டும் அரசு இந்தக் காலத்தைச் சுருக்கும். 2021 சமோலி வெள்ளத்திலும் 2024 வயநாடு நிலச்சரிவிலும் உடல் கிடைக்காதவர்களை விசாரித்து, தனி உத்தரவில் இறந்தவர்களாக அறிவித்தார்கள். அந்த நாளில் அந்த இடத்தில் அவர் இருந்தார் என்பதற்குத் தங்கும் விடுதி ரசீது, போன் டவர், கூடப் போனவரின் வாக்குமூலம் எதுவாக இருந்தாலும் உடனே சேர்க்க வேண்டும்.

சட்டத்துக்கு ஏழு என்றால் சாஸ்திரத்துக்குப் பன்னிரண்டு. 12 ஆண்டு காத்திருந்து, தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணும் வழக்கம் இருக்கிறது. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். எதற்கும் மனம் ஒப்பாமல் பூவோடும் பொட்டோடும் இருக்கும் பெண்களை உறவினர் நெருக்கக் கூடாது. சட்டமும் அதைக் கேட்கவில்லை. கோர்ட்டில் இறந்ததாக அறிவிப்பு வாங்கினாலும் தாலியைக் கழற்ற வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. மறுபடி வாழ விரும்பும் பெண்ணுக்கோ, இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் ஏழு ஆண்டு செய்தி இல்லாமை தனியாகவே விவாகரத்துக்குக் காரணம். இரண்டும் அவர் முடிவு.

திரும்பி வந்தால்

முதல் நாள் கேள்வி வேண்டாம். நீண்ட பட்டினி கிடந்தவருக்கு வயிறு நிறையச் சோறு போடாதீர்கள்; கஞ்சி, மோர் என்று சிறுகச் சிறுகக் கொடுத்து, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மறுநாள் அவரையே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வாக்குமூலம் பதிந்து மிஸ்ஸிங்கை மூடி, மூடியதற்கு நகல் வாங்குங்கள். மூடாவிட்டால் எங்காவது சோதனையில் அவர் பெயர் மறுபடி மறுபடி வந்து நிற்கும். ராணுவத்தவர் என்றால் அதே நாளில் யூனிட்டுக்குத் தகவல். இறப்புச் சான்றிதழே வாங்கிவிட்டிருந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவில் பதிவாளர் பதிவைத் திருத்தவோ நீக்கவோ முடியும். கோர்ட் தீர்ப்பையும் அதற்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வங்கி, ஓய்வூதிய அலுவலகம், ரேஷன் கடை ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் போன படத்தை யாராலும் திரும்பப் பெற முடியாது. 'கிடைத்துவிட்டார்' என்று குறுக்கே பெரிதாக எழுதி, அதே படத்தைத் தேதியோடு அதே குழுக்களில் மறுபடி போடுங்கள். சயான் சந்தையிலும் கோவில் வாசலிலும் ஒட்டியதை நீங்களே கிழித்துவிடுங்கள். அந்த இடம் இன்னொரு வீட்டுக்குத் தேவைப்படும்.